ஒருநாள் மகாராசா

தெருவொன்றை அகலமாக்க வேண்டுமென்று நகரசபை தீர்மானித்தால், அத்தெருவில் வாழும் மக்களுக்கு அச்செய்தி எப்பொழுது எட்டுகிறது? பெரும்பாலும், நில அளவையாளர் சங்கிலியுடன் வாசலில் வந்து நிற்கும்பொழுதுதான் எட்டுகிறது. அதற்கு முன்னரே எங்கோ ஓர் அலுவலகத்தில், மேசைமீது விரித்த படத்தில், அடிமட்டம் வைத்துக் கோடு கிழிக்கப்பட்டுவிட்டது. அக்கோட்டின் கீழ் ஒரு குடும்பத்தின் அடுக்களை இருக்கலாம். பாட்டனார் வைத்த வேம்பு இருக்கலாம். தெருமூலைப் பிள்ளையார் இருக்கலாம். கோடு அவற்றை அறியாது.

இந்தக் கோட்டுக்கும் அதன் கீழ் வாழும் மனிதருக்கும் இடையே உறவு வேண்டுமென்று வாதாடி, அதற்காகவே ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டு அறிஞர். அவர் பொறியியலாளருமல்லர், கட்டடக் கலைஞருமல்லர். உயிரியல் பயின்றவர், தாவரவியற் பேராசிரியர். எனினும் 1914 முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் இந்திய உபகண்டத்தின் ஐம்பதுக்கு அணித்தான நகரங்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து, அவற்றைச் சீர்ப்படுத்தும் வழிகளை எழுதிவைத்தார். அவருடைய அறிக்கைகளுள் ஒன்று கொழும்பு நகரைப் பற்றியது.

கெடிஸ் 1854 ஆம் ஆண்டில் பிறந்தவர். இலண்டனில் ஹக்ஸ்லி என்னும் பேர்பெற்ற உயிரியலாளரிடம் பயின்றார். 1879 இல் ஆராய்ச்சிக்காக மெக்சிக்கோவுக்குச் சென்றவிடத்தில் கண்ணொளி குன்றியது. பல வாரங்கள் இருட்டறையிற் கிடக்க நேர்ந்தது. பார்வை திரும்பிற்றாயினும் நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் கண்வைக்க இயலாது போயிற்று. ஒரு செடியை அது வளரும் மண்ணோடும் நீரோடும் காற்றோடும் சேர்த்துப் பார்க்கப் பழகிய அந்தக் கண், அதன் பின்னர் மனிதரின் வாழிடங்கள்மீது திரும்பியது.

1886 இல் அவர் ஆனா மோற்றன் என்ற அம்மையாரை மணந்தார். பல்கலைக்கழக ஆசிரியர்கள் எடின்பரோ நகரத்தின் புதிய பகுதியில் விசாலமான வீடுகளில் வாழ்ந்த காலம் அது. பழைய நகரமோ ஏழைகளின் நெருக்கமான மாடிக் குடியிருப்புகளாகச் சீரழிந்து கிடந்தது. ஒரு மாடிக்கு ஒரு குடும்பமென்றில்லை. ஓர் அறைக்கு ஒரு குடும்பம். மணமான மறு ஆண்டிலேயே கெடிஸ் தம்பதிகள் அப்பழைய நகரத்தில், ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்தைச் சுற்றிய குடியிருப்பு ஒன்றிலே குடிபுகுந்தனர். ஏழைகளைப் பார்வையிடச் சென்றவர்கள் பலருண்டு. அயலவராக அங்கே வாழச் சென்றவர்கள் மிகச் சிலர். சுண்ணாம்புச் சட்டியையும் தூரிகையையும் எடுத்துத் தங்கள் வீட்டை வெள்ளையடித்தார்கள். பின்னர் முற்றத்தைத் துப்புரவாக்கினார்கள். சாளரங்களிற் பூச்செடிகள் வைத்தார்கள். அயலவர்களும் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டார்கள். அதுவரை குப்பை கொட்டப்பட்ட வெற்று நிலத்துண்டுகள் சிறு பூங்காக்களாயின. பிற்காலத்தில் இப்பூங்கா வேலையை முன்னின்று நடத்தியவர் அவர்களுடைய மகள் நோரா.

அந்நகரத்தின் கோட்டைக்கு அருகே ஓர் உயர்ந்த கட்டடத்தை 1892 அளவில் கெடிஸ் தம் கைவசமாக்கி, அதற்கு நோக்குக் கோபுரம் என்று பெயரிட்டார். அதன் உச்சியில், ஆடிகளும் வில்லைகளும் பொருத்திய ஓர் இருட்டறை உண்டு. நகரம் முழுவதும் ஒரு வெள்ளை மேசையில் உயிருடன் அசைந்து விழும். அதைப் பார்த்த பின்னர், கீழ்மாடிக்கு இறங்க இறங்க எடின்பரோ, ஸ்கொத்லாந்து, ஆங்கில மொழி நாடுகள், ஐரோப்பா, உலகம் என்று விரிந்து செல்லும் கண்காட்சி. தம் ஊரைப் பற்றிய அறிவு பொதுமக்களுக்கு உரியது, அதிகாரிகளின் பேழைக்குள் பூட்டி வைக்கப்படுவதன்று என்பதே அதன் கருத்து. படம், மாதிரி உரு, வண்ணம், காட்சி ஒழுங்கு ஆகிய வடிவமைப்புக் கலைகளைச் சாதாரண குடிமக்களோடு பேசும் மொழியாக அவர் ஆக்கிக்கொண்டார். மேற்கத்திய நாடுகளில் அவருக்குப் புகழ் தந்தது இக்கண்காட்சி முறையே. 1910 இல் இலண்டனிலும், பின் செல்சி, எடின்பரோ, டப்ளின், பெல்பாஸ்ட் ஆகிய இடங்களிலும், 1913 இல் பெல்ஜியத்துக் கென்ற் நகரிலும் அவருடைய நகரக் கண்காட்சி நடைபெற்றது.

அக்காட்சியைக் கண்டு அவரைச் சென்னைக்கு அழைத்தவர் அப்போதைய சென்னை ஆளுநர் பென்ற்லண்ட் பிரபு. 1914 இல் கெடிஸ் தம் மூத்த மகன் அலஸ்டெயருடன் இந்தியாவுக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்கள் வேறொரு கப்பலில் ஏற்றப்பட்டன. அக்கப்பலின் பெயர் கிளான் கிராண்ட். அதற்குள் ஐரோப்பாவில் முதல் உலகப் போர் மூண்டுவிட்டது. செப்டெம்பர் 22 ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகள்மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அடுத்த மாதத்தில் மினிக்கோய்த் தீவுக்கு அண்மையில் கிளான் கிராண்டையும் பிடித்து மூழ்கடித்தது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் நம்மவர் சொல்லும் பேச்சு அக்கப்பலின் பெயரால் வந்ததே. முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த படங்களும் வரைபுகளும் இந்து சமுத்திரத்தின் அடியிற் போய்ச் சேர்ந்தன.

அறுபது வயதை எட்டிய மனிதருக்கு அது பேரிடியாக இருந்திருக்கும். ஆயினும் அவர் திரும்பிப் போகவில்லை. இங்கிலாந்திலிருந்த நண்பர்கள் பிற படங்களைத் திரட்டி அனுப்பினர். 1915 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்துச் செனட் மண்டபத்திலே கண்காட்சி திறக்கப்பட்டது.

கெடிஸ் இந்தியாவிற் கால்வைத்த காலத்தில் நகர அமைப்பென்றால் மக்களுக்குத் தோன்றிய பொருள் ஒன்றே ஒன்று: இடிப்பு. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. 1896 இல் பம்பாயிலே கொள்ளைநோய் தோன்றிற்று. எலித்தெள்ளே அந்நோயைக் காவுகின்றதென்பதை 1898 இல் சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கராச்சியிற் கண்டறிந்தார்; அவருடைய கருத்தை மற்றையோர் ஏற்கப் பல ஆண்டுகள் சென்றன. காரணம் தெளியாத அரசாங்கம் வீடுகளைக் குற்றஞ்சாட்டியது. பூனாவில் படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினர். அடுக்களையும் பூசையறையும் தப்பவில்லை. 1897 சூனில் அந்நடவடிக்கைகளுக்குத் தலைமை தாங்கிய ராண்ட் என்ற அதிகாரி சுடப்பட்டது அந்த மனக்கொதிப்பின் விளைவே. 1898 இல் பம்பாயில் நகரச் சீர்திருத்தப் பொறுப்பாட்சி ஏற்பட்டது. அதைப் பின்பற்றி ஏனைய நகரங்களிலும் நெருக்கமான பகுதிகளை ஊடறுத்து நேரான அகன்ற தெருக்கள் போடப்பட்டன. இடிக்கப்பட்ட வீட்டில் இருந்தவர் எங்கே போனார்? அடுத்த தெருவிலுள்ள சுற்றத்தாரிடம் போனார். முன்னர் ஐவர் உறங்கிய அறையிற் பதின்மர் உறங்கினர். நெருக்கத்தைப் போக்க எழுந்த திட்டம் நெருக்கத்தைத் தள்ளி வைத்ததே தவிரத் தணிக்கவில்லை.

இதைத்தான் கெடிஸ் கண்டு சொன்னார். நல்ல மருத்துவன் நோயாளியின் நாடியைப் பார்த்த பின்னரே மருந்து கொடுக்கிறான். அவ்வாறே நகரை ஆராய்ந்த பின்னரே திட்டம் வரைய வேண்டும் என்பது அவர் கொள்கை. உறுப்பை வெட்டி எறிவதைவிட அதைக் காத்துக் குணப்படுத்துவதே சிறந்த வைத்தியம். அம்முறைக்கு அவர் வைத்த பெயரைக் 'காப்புச் சத்திரசிகிச்சை' என்று தமிழிற் சொல்லலாம். 1915 ஆம் ஆண்டின் சென்னை மாகாண அறிக்கைகளிலே இம்முறை தெளிவாக உருப்பெற்றது.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கு நெருங்கிய வீடுகளிடையே நேர்த்தெருக்களை வெட்ட ஒரு திட்டம் இருந்தது. கெடிஸ் படத்தைக் கையிலெடுத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு பாழடைந்து ஆளின்றிக் கிடக்கிறது, எந்தச் சுவர் உறுதியானது, எங்கே கிணறு, எங்கே மரம், எங்கே சிறு கோயில் என்று குறித்துக்கொண்டார். பாழ்மனைகளை எடுத்துவிட்டாலே காற்றும் ஒளியும் வர இடமுண்டு. அவ்விடங்களைச் சிறு முற்றங்களாக்கி மரம் நடலாம். குறுகிய சந்தைச் சற்று வளைத்தால் நல்ல வீடு தப்பும். தெரு நேராக இல்லாவிட்டால் என்ன? அதில் நடப்பவர் வில்லம்பல்லவே. இவ்வழியிற் செலவும் மிகக் குறைவு என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். செலவு என்ற சொல்லுக்குச் செவிசாய்க்காத நகரசபை உலகில் இல்லை.

சாதாரண மேற்கத்திய அதிகாரியின் கண்ணுக்குப் படாத சில அவர் கண்ணுக்குப் பட்டன. நடப்பட்ட மரக்கன்றை ஆடும் மாடும் தின்றுவிடுகின்றன என்று நகரசபைகள் குறைசொல்லும். அதே ஊரில் கோயிலடி மரம் மட்டும் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. வேலி கட்டாத காவல் அது. ஆகவே புதிய முற்றங்களிற் சிறு கோயிலையும் மரத்தையும் ஒன்று சேர்த்து வைக்க அவர் விரும்பினார். குளங்களைப் பற்றியும் இதேபோன்ற வழக்காடல். நுளம்பு பெருகும் என்று அஞ்சிய சுகாதாரப் பகுதியினர் குளங்களைத் தூர்க்கச் சொன்னார்கள். கெடிஸோ, குளத்தைத் துப்புரவாக்கி மீனும் வாத்தும் விடுங்கள், நுளம்புக் குடம்பிகளை அவை பார்த்துக்கொள்ளும் என்றார். வெப்ப நாட்டில் ஊரின் நடுவிலிருக்கும் குளம் காற்றைக் குளிர்விக்கும் பெருஞ்செல்வம் என்பதும் அவர் வாதம். குளங்களை நம்பி வாழ்ந்த இலங்கை மக்களுக்கு இதனை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

தென்னாட்டுக் கோயில் நகரங்கள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. மதுரையிலே மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என ஒன்றனுள் ஒன்றாகச் சதுரங்கள் அமைந்திருக்கின்றன. வீதிகளுக்குப் பெயர் மாதங்களின் பெயர். விழாக்கள் அங்கே வலம் வரும். தேர் போவதற்கென்று அகன்று கிடக்கும் வீதியை எவரும் அடைத்துத் திண்ணை கட்டத் துணியார். நல்லூரில் தேர் வீதியைக் கண்டவர்க்கு இது தெரிந்ததே. சட்டப் புத்தகம் செய்ய முடியாத காரியத்தை ஒரு விழா செய்துவிடுகிறது. இரண்டாண்டுகளுக்குப் பின்னர் வடக்கே, மாளவ நாட்டில் கெடிஸ் செய்த அரிய சோதனைக்கு இக்காட்சியும் வித்தாகியிருத்தல் கூடும்.

மாளவத்து இந்தூர், ஹோல்கார் மரபினரின் தலைநகரம். மூன்றாம் துக்கோஜிராவ் அப்போது மகாராசா. பஞ்சாலைகள் பெருகித் தொழிலாளர் நெருங்கி, கொள்ளைநோயும் மலைக்காய்ச்சலும் ஆண்டுதோறும் உயிர் குடித்த நகரம் அது. அதற்கோர் அமைப்புத் திட்டம் வகுக்குமாறு அரசவை கெடிஸை அழைத்திருந்தது.

1917 ஆம் ஆண்டு அவர் வாழ்வில் மிகக் கொடிய ஆண்டு. ஏப்பிரில் மாதத்தில் மகன் அலஸ்டெயர் பிரான்சுப் போர்முனையில் மாண்டான். அச்செய்தி வந்தபோது ஆனா அம்மையார் இந்தியாவிற் கடுங்காய்ச்சலாற் படுக்கையிலிருந்தார். மகன் இறந்ததை மனைவிக்குச் சொல்லும் துணிவு கெடிஸுக்கு இல்லை. மகன் முன்னர் எழுதிய கடிதங்களை அவருக்கு வாசித்துக் காட்டிவந்தார். சூன் மாதத்தில் அம்மையாரும் இறந்தார். மகனின் முடிவை அவர் அறியவேயில்லை. எடின்பரோவிற் சுண்ணாம்புச் சட்டியுடன் தொடங்கிய துணை அத்துடன் முடிந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில், அறுபத்து மூன்று வயதில், அவர் இந்தூர்ச் சந்துகளில் வழக்கம்போற் படத்தை விரித்துக்கொண்டு நடந்தார்.

மக்கள் அவரைக் கண்டு விலகினர். பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினர். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று உடன் வந்தவரிடம் விசாரித்தார். கொள்ளைநோயைக் கொண்டுவரும் கிழட்டுத் துரை இவர்தான் என்று சொல்கிறார்களாம். படமும் துரையும் வந்தால் பின்னாலே கடப்பாரை வரும் என்பது அவர்கள் அனுபவம். தம் முறை வேறு என்று அறிக்கையில் எத்தனை பக்கம் எழுதினாலும் இந்த மக்களை அது எட்டாது என்பதைக் கெடிஸ் அன்று உணர்ந்தார். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. பயமோ மக்களின் மொழியில் இருந்தது.

அவர் நேரே அரண்மனைக்குப் போனார். தம்மை ஒருநாளைக்கு மகாராசாவாக்கும்படி கேட்டார். வேடிக்கையான வேண்டுகோள்தான், ஆனால் இசைவு கிடைத்தது. தீபாவளி அணித்தே வந்துகொண்டிருந்தது. நகரெங்கும் ஓர் அறிவிப்புச் சென்றது. இவ்வாண்டுத் தீபாவளி ஊர்வலம் வழமையான வழியிற் போகாது. எந்தத் தெருக்களில் மிகுதியான வீடுகள் துப்புரவு செய்யப்பட்டுச் செப்பனிடப்படுகின்றனவோ அந்தத் தெருக்கள் வழியாகவே போகும்.

அதன் பின்னர் நடந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும். ஊர்வலம் தன் தெருவுக்கு வரவேண்டுமென்று விரும்பாத மனிதர் யார்? குப்பையை இலவசமாக அகற்ற வண்டிகள் அனுப்பப்பட்டன. வீடுகளிலிருந்தும் முற்றங்களிலிருந்தும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிப்பாரம் குப்பை வெளியேறியதென்று கெடிஸின் விவரம் கூறுகிறது. எலிப்பொறிகள் வழங்கப்பட்டன, ஆயிரக்கணக்கான எலிகள் பிடிபட்டன. கோயில்களுக்கு முன்னாலுள்ள வீதிகள் திருத்தப்பட்டன. சுவர்களுக்குச் சுண்ணாம்பும் வண்ணமும் ஏறின. கட்டளையிட்டு, அபராதம் விதித்து, படைவீரரை அனுப்பி இருபதாண்டுகளாகச் செய்ய முடியாமற்போன வேலையை மக்கள் சில வாரங்களில் தங்கள் கையாலேயே செய்தார்கள்.

விழாநாள் வந்தது. முன்னே அரசின் குதிரைப்படையும் யானைகளும் ஒட்டகங்களும், தொடர்ந்து அறுவடையின் செல்வமும் பருத்திப் பொதி ஏற்றிய வண்டிகளும், இலக்குமியின் உருவம். அதற்குப் பின்னாற் காட்சி மாறியது. இசை அபசுரமாயிற்று. பாழான வீடுகளின் மாதிரி உருக்கள், நோய்களின் வேடங்கள் வந்தன. அழுக்கு என்னும் அரக்கன் இராவணனுடைய தோற்றத்தில் வந்தான். கொள்ளைநோய்க்கு அடையாளமாகப் பேருருவான எலியொன்று. அதன் உடலெங்கும் துடிக்கும் பூச்சிகள். மலைக்காய்ச்சலுக்கு நுளம்பு. எழுத்தறியாத மக்களுக்கும் அதன் பொருள் அந்தக் கணமே விளங்கியிருக்கும். நோய்க்குக் காரணம் தெய்வ கோபமன்று, துரையுமன்று, எலியும் அதன் தெள்ளும் என்ற மருத்துவ உண்மையை ஒரு பொம்மை ஊர் முழுவதும் தூக்கிச் சென்று சொல்லியது.

அதையடுத்து வந்தவர்களே அன்றைய விழாவின் நாயகர்கள். நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர்கள் தூய வெள்ளையுடை அணிந்து, புதுத் தலைப்பாகை கட்டி, பூமாலை சூட்டிய துடைப்பங்களை ஏந்தி வந்தார்கள். அவர்களுடைய வண்டிகள் கழுவி வண்ணம் பூசப்பட்டிருந்தன. மாடுகளின் கொம்புகளும் மின்னின. நகரத் தலைவரும் கெடிஸும் அணிந்த அதே நிறத் தலைப்பாகையை அவர்களும் அணிந்திருந்தனர். சாதியின் பெயரால் எவருடைய நிழலையும் மற்றவர் தவிர்த்தாரோ, அவர்களே நகரத்தைக் காப்போர் என்று நடுவீதியிலே மதிக்கப்பட்டனர். ஊர்வலம் அவர்கள் வாழ்ந்த சேரிக்குள்ளும் சென்றது. நகர அமைப்பின் வரலாற்றிலே வேறெந்தப் படத்திலும் கோட்டிலும் காணக் கிடையாத ஒரு காட்சி இது.

பின்னர் புதிய தெய்வம் ஒன்று தேரேறி வந்தாள். அவள் பெயர் இந்தூர் நகரம். நகரத்தின் வருங்காலப் படம் கொடிகளாகப் பறந்தது. நூலகம், அரும்பொருட்சாலை முதலிய கட்டடங்களின் மாதிரிகள் வண்டிகளில் வந்தன. கொத்தரும் குயவரும் பிற கைவினைஞரும் தத்தம் தொழிற் கருவிகளுடன் சென்றனர். பழமும் பூவும் ஏற்றிய வண்டிகளின் பின்னர், துளசிச் செடிகள் வீட்டுக்கு வீடு வழங்கப்பட்டன. அச்செடி வைத்த முற்றத்தை அவ்வீட்டுப் பெண் நாள்தோறும் பெருக்கி நீர் தெளிப்பாள் என்பது கெடிஸுக்குத் தெரியும். இரவிலே இராவணனுருவான அழுக்கும், பெரிய எலியும் வாணவேடிக்கையிடையே எரிக்கப்பட்டன.

ஊர்வலத்தின் பின்னர் கொள்ளைநோய் தணிந்ததென்றும், கெடிஸைக் கண்டால் மக்கள் முகமலர்ந்து வரவேற்றனர் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். முதலாவதைச் சற்று நிதானித்தே ஏற்கவேண்டும். கொள்ளைநோய் பருவத்தோடு ஏறித் தணியும் இயல்புடையது. ஒரு விழா அதை ஒழித்துவிட்டதெனல் மிகை. ஆறாயிரம் வண்டிக் குப்பையும் அதில் வாழ்ந்த எலிகளும் அகன்றதனால் நன்மை விளைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. இரண்டாவது மாற்றமே பெரிது. அடுத்த ஆண்டில், 1918 இல், இந்தூர் பற்றிய அவருடைய அறிக்கை இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. பெருஞ்செலவான நிலக்கீழ்க் கழிவுநீர்த் திட்டத்தை எதிர்த்து, கழிவை ஆற்றில் விடாது மண்ணுக்கே உரமாக்கித் தோட்டங்களை வளர்க்கலாம் என்று அதில் வாதிட்டிருந்தார். நகரத்துக்கென ஒரு பல்கலைக்கழகத்தின் அமைப்பையும் விவரித்திருந்தார்.

ஆயினும் இந்நிகழ்ச்சியில் ஒரு முரண்பாடு உண்டு. அதனை மறைத்துப் புகழ்தல் தகாது. மக்களோடு சேர்ந்து நகரை அமைக்கவேண்டுமென்ற மனிதருக்கு, அதைச் செய்ய ஒரு மகாராசாவின் அதிகாரம் தேவைப்பட்டது. தீபாவளிக்கு மறுநாள் அந்த அதிகாரம் திரும்பிப் போய்விட்டது. துப்புரவுத் தொழிலாளரின் தலைப்பாகை அவிழ்ந்த பின்னர், அவர்களுடைய கூலியையோ வீட்டையோ தீர்மானிக்கும் அவையில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. கெடிஸின் அறிக்கைகள் பலவும் அரசர்களதும் ஆளுநர்களதும் அழைப்பின்பேரில் எழுதப்பட்டவை. அழைத்தவர் மாறியதும் அறிக்கை அலுமாரிக்குட் போயிற்று. மக்களிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் ஒரு மனிதருடைய நற்பண்பாக இருந்ததே தவிர, அமைப்பின் விதியாக இருக்கவில்லை.

இலங்கையிலும் இதே நிலை இருந்தது. 1914 இல் கொள்ளைநோய் கொழும்பையும் எட்டியது. மறு ஆண்டில் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. கெடிஸ் கொழும்புக்கு வந்து, நகர அமைப்புப் பற்றிய தம் பூர்வாங்க அறிக்கையை 1921 இல் அளித்தார். மர நிழலும் ஏரியும் கடலும் சூழ்ந்த கொழும்பைக் கிழக்குலகின் பூங்கா நகரமாக ஆக்கலாம் என்ற எண்ணம் அவருடையது. அந்த ஆண்டில் கொழும்பு மக்களுட் பெரும்பாலாருக்கு வாக்குரிமை இல்லை. எந்தத் தெரு எப்படி அமையவேண்டுமென்று அவர்களைக் கேட்கும் தேவை எவருக்கும் இருக்கவில்லை. அறிக்கையின் கருத்துகள் சில பின்வந்தோரால் எடுத்தாளப்பட்டன. சர்வசன வாக்குரிமை 1931 இல் வந்தது. நகர, நாட்டு அமைப்புக் கட்டளைச் சட்டம் 1946 இல் வந்தது. கெடிஸ் 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் சமூகவியற் பேராசிரியராக இருந்தபின், பிரான்சிலே மொம்பெலியே நகரிற் குடியேறி, 1932 ஏப்பிரிலிற் காலமானார்.

அச்சிலில்லாது மறைந்த அவருடைய இந்திய அறிக்கைகளிலிருந்து முக்கியமான பகுதிகளைத் தொகுத்து 1947 இல் ஒரு நூலாக வெளியிட்டவர் ஜாக்குலின் டிரிட் என்னும் ஆங்கிலப் பெண்மணி. போர்க்காலத்தில் படைவீரர்களுக்குத் தபால் மூலம் நகர அமைப்பைக் கற்பித்தவர் அவர். அதே 1947 இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் நகரில் நவீன கட்டடக் கலைஞர்களின் சர்வதேச மாநாடு கூடியது. அதிலே கண்டியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் கலந்துகொண்டார். அவர் மினெட் டி சில்வா. மறு ஆண்டில், பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்தில் இடம்பெற்ற முதல் ஆசியப் பெண் என்ற சிறப்பை அவர் அடைந்தார். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா கண்டியின் அரசியற் பிரமுகர். தாயார் அக்னஸ், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி டொனமூர் ஆணைக்குழுவின் முன்னே வாதிட்டவர்களுள் ஒருவர்.

1950 களின் பிற்பகுதியில் கண்டியை அடுத்த வட்டபுலுவ என்னுமிடத்தில், அரசாங்க ஊழியர்களுக்கென இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளை அமைக்கும் பொறுப்பு மினெட் அம்மையாரிடம் வந்தது. மலைச்சரிவான நிலம். குடிவரவிருந்தவர்கள் பல இனத்தவர், பல மதத்தவர், வருமானத்திலும் ஒருவருக்கொருவர் வேறுபட்டவர். ஒரே மாதிரியான வீட்டை இருநூறு முறை கட்டிவிடுவது எளிது. அக்காலத்தில் அரசாங்கங்கள் எங்கும் அவ்வாறே செய்தன. மினெட் அம்மையார் வரைவதற்கு முன்னர் வினாக்கொத்து ஒன்றை அவர்களுக்கு அனுப்பினார். அவர்களை அழைத்துப் பேசினார். ஒவ்வொரு குடும்பமும் எவ்வாறு வாழ்கிறது, எவ்வளவு செலவிட இயலும், எத்தகைய வீட்டை வேண்டுகிறது என்பவற்றை அறிந்தபின் சில வகை வீடுகளை வகுத்தார். குடும்பங்கள் தமக்கு ஏற்றதைத் தெரிவுசெய்து, வேண்டிய மாற்றங்களைச் சொல்லலாம். வெட்டிச் சமப்படுத்தாமல் சரிவின் போக்கிலேயே தெருக்கள் வளைந்தன. நின்ற மரங்கள் நின்றன.

கண்டியில் யானையும் ஊர்வலமும் உண்டு. எனினும் வட்டபுலுவவுக்கு ஊர்வலம் எதுவும் தேவைப்படவில்லை. எந்த வீடு எந்தக் குடும்பத்துக்கு உரியது என்பது முதற் கல் வைப்பதற்கு முன்னரே, அதில் வாழப்போகிறவர்களுக்குத் தெரிந்திருந்தது.